மேல்தளக் காங்கிரீட் பெயர்ந்து விழுகிறது: சரிசெய்ய வேண்டியவர் வீட்டு உரிமையாளரா, வாடகைக்கு இருப்பவரா?

கேள்வி – கடலோரக் குடித்தனம்

வணக்கம். சென்னை திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் உள்ள ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில் நான்கு ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். எங்கள் தலைக்கு மேல் மொட்டை மாடிதான். கணவர், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், மாமியார், நான் என்று நான்கு பேர். வாடகை 16,000 ரூபாய்; முன்பணமாக 1,00,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை பிற்பகல், படுக்கையறையின் மேல்தளத்திலிருந்து காங்கிரீட் பாளமாகப் பெயர்ந்து கட்டில் மீது விழுந்தது. மாமியார் தினமும் மதியம் அந்தக் கட்டிலில்தான் படுப்பார். அன்று தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டு, மோட்டாரை நிறுத்துவதற்காக எழுந்து போயிருந்தார். விழுந்த துண்டுகளில் பெரியதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 2 கிலோ 300 கிராம் இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் கம்பி பதிந்திருந்த தடம் பழுப்பு நிறத்தில் அப்படியே இருக்கிறது. விரலால் தொட்டால் துரு பொடிப்பொடியாக ஒட்டுகிறது. தளத்தில் அது இருந்த இடத்தில் இப்போது மூன்று கம்பிகள் வெளியே தெரிகின்றன.

இரண்டு மழைக்காலங்களாகவே அந்த மூலையில் ஓதம் இருந்தது. முதலில் சுண்ணாம்பு உதிர்ந்தது, பிறகு கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல் வந்தது. அப்போதே வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் வயதானவர், கும்பகோணத்தில் இருக்கிறார். மகன் வெளிநாட்டில் இருக்கிறார். "கடற்கரைப் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், மழை நிற்கட்டும் பார்க்கலாம்" என்றார். இப்போது பாளம் விழுந்த பிறகு பேசியபோது, "ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிக்கொள்ளுங்கள், ஒப்பந்தத்தில் பழுதெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு என்றுதானே எழுதியிருக்கிறது" என்றார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிய பதிவு செய்யாத ஒப்பந்தம் அது. அப்படி ஒரு வரி அதில் இருக்கத்தான் செய்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்து நெடுநாளாகிறது; புதுப்பிக்கவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியை ஈரக்கையால் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் உறுத்துகிறது. மாமியார் இப்போதெல்லாம் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் சமையலறைக்குள் போகிறார். பக்கத்துத் தெருவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மூன்று துளை பிளக் இருந்தாலும் அதன் பின்னால் எர்த் வயரே இழுக்கப்படவில்லை என்றார்.

வீட்டுக்காரர் கெட்டவர் அல்லர். இரண்டு ஆண்டுகளாக வாடகையை ஏற்றவில்லை. அவரோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. அதே நேரம், அழுத்திக் கேட்டால் "காலி செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயமும் இருக்கிறது. பள்ளி ஆண்டின் நடுவில் மகளை எங்கே மாற்றுவது? தளத்தையும் மின்கம்பி இணைப்பையும் சரிசெய்து தர வேண்டியவர் யார்? ஒப்பந்தத்தில் உள்ள அந்த ஒரு வரி எங்களை இந்த அளவுக்குக் கட்டுப்படுத்துமா? யாரிடம், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – கட்டடப் பொறியாளர், 22 ஆண்டுகள்

சகோதரிக்கு வணக்கம். சட்டத்தைப் பிறகு பார்க்கலாம். இன்றிரவு அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். கட்டிலை வேறு அறைக்கு மாற்றிவிட்டுக் கதவைச் சாத்தி வையுங்கள். ஒரு பாளம் விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள பகுதி வெளிப்பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும், உள்ளே கம்பியை விட்டுப் பிரிந்தே இருக்கும். இதைக் கண்டறிய நாங்கள் செய்யும் முதல் சோதனை மிக எளிமையானது: நீண்ட கழியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போவோம். பிடிப்புள்ள இடத்தில் கணீரென்று கேட்கும். பிரிந்த இடத்தில் வெற்றுப் பானையைத் தட்டியதுபோல ஒலிக்கும். ஆனால் அதை நீங்கள் செய்யாதீர்கள், தட்டும்போதே விழக்கூடும்.

நீங்கள் விவரித்த வரிசையே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறது. முதலில் ஓதம், பிறகு கம்பியின் திசையிலேயே நேரான விரிசல், அதன் பிறகு பாளம். காங்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பும், மொட்டை மாடித் தட்டோடுகளின் இணைப்புகள் வழியே இறங்கும் மழைநீரும் அந்தக் காப்பை உடைத்துவிடுகின்றன. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். அவ்வளவு விரிவுக்கு உள்ளே இடமில்லாததால், அது தனக்குக் கீழே இருக்கும் காங்கிரீட்டை நெம்பித் தள்ளுகிறது. கடலோரச் சூழலுக்கு நேரடியாக ஆட்படும் காங்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் தடிமனுக்குக் காங்கிரீட் உறை இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரநிலையின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்கிறது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது 15 மில்லிமீட்டர் உறையைக்கூட நான் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் கம்பி பூச்சையே தொட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே, "கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிக்கொள்ளுங்கள்" என்ற யோசனையை எந்த நிலையிலும் ஏற்காதீர்கள். துருப்பிடித்த கம்பியின் மேல் சிமென்ட் கலவையை அப்பினால் ஓராண்டு அழகாக இருக்கும். உள்ளே துரு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அடுத்த முறை பழைய பாளத்தோடு புதுப் பூச்சின் எடையும் சேர்ந்து விழும். சரியான வேலை என்பது தளர்ந்த காங்கிரீட்டை முழுவதும் கொத்தி எடுத்து, துரு இல்லாத இரும்பு தெரியும்வரை கம்பியை வெளிப்படுத்தி, கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான பிணைப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் அடுக்கடுக்காக நிரப்புவது. கம்பி தன் தடிமனைக் கணிசமாக இழந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். கொத்தத் தொடங்குவதற்கு முன் தளத்துக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்தாக வேண்டும். இவற்றோடு மொட்டை மாடியின் நீர்க்கசிவையும் அடைக்காவிட்டால், கீழே செய்த அத்தனையும் வீண்.

இந்த நோய்க்குக் குடியிருப்பவர் காரணமாக இருக்க வழியே இல்லை. கட்டியபோது விட்ட உறையின் அளவு, கடற்காற்று, மாடித் தளத்தின் பராமரிப்பு ஆகிய மூன்றுமே உங்கள் கையில் இல்லாதவை. ஒரு பொறியாளரை அழைத்துப் பார்வையிடச் செய்து, இதையே அவருடைய கையொப்பத்துடன் ஒரு பக்கக் குறிப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். விழுந்த துண்டை வெளியே எறிந்துவிடாதீர்கள். கம்பித் தடம் தெரியும்படி அளவுகோலை வைத்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

பதில் – வாடகை வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர்

பொறியாளர் சொன்னதை முதலில் செய்துவிட்டு இதைப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை, எந்தப் பழுது யாருடையது என்று பிரித்தே சொல்லிவிடுகிறது. வாடகைதாரர் ஏற்படுத்திய சேதத்தால் வந்தவை தவிர மற்ற கட்டமைப்புப் பழுதுகள், சுவர்களுக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், வீட்டின் உள்ளும் புறமும் உள்ள மின்கம்பி இணைப்பும் அதன் பராமரிப்பும் உரிமையாளருக்குரியவை. குழாயின் வாஷர், கழிப்பறை, கை கழுவும் தொட்டி, வெந்நீர் கீசர், சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர், பூட்டு, சன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவற்றின் பழுது வாடகைதாரருக்குரியது. உங்கள் மேல்தளம் கட்டமைப்புப் பழுது; எர்த் வயர் இழுக்கப்படாதது மின்கம்பி இணைப்பின் குறை. இரண்டும் உரிமையாளர் பக்கம்தான் விழுகின்றன.

ஒப்பந்த வரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழுதுபார்ப்பைப் பேசும் 15ஆவது பிரிவு, எழுத்து ஒப்பந்தத்தில் மாறாக என்ன இருந்தாலும், குடிவந்தபோது இருந்த நிலையில் வீட்டை வைத்திருக்க இருவரும் கடமைப்பட்டவர்கள் என்று தொடங்குகிறது. இயல்பான தேய்மானம் மட்டும் விலக்கு. அதே பிரிவு ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்ட பழுதுகளையும் குறிப்பிடுவதால், உரிமையாளர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வாதாட இடம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் "பழுதெல்லாம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள், தன் மொட்டை மாடியின் கசிவால் துருப்பிடித்த கம்பியும் அடங்கும் என்று வாதாடுவது கடினம். புதிய ஒப்பந்தம் எழுதும்போது அந்த வரியை நீக்கிவிட்டு, இரண்டாம் அட்டவணையின்படி என்று எழுதச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் செய்யத் தவறிய ஒன்றைச் சொல்கிறேன். இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் வருகிறார்கள். எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே பேசியிருக்கிறீர்கள். சட்டம் தரும் ஒவ்வொரு வழியும் எழுத்துமூலக் கோரிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது. எனவே மரியாதையான மொழியில் ஒரு கடிதம் எழுதி, பொறியாளரின் குறிப்பையும் படங்களையும் இணைத்து, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் கும்பகோணம் முகவரிக்கு அனுப்புங்கள். அதன் நகலை அவருடைய மகனுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஓதம் முதலில் தெரிந்தது எப்போது, நீங்கள் சொன்னது எப்போது, பாளம் விழுந்தது எப்போது என்று தேதிவாரியாக இருக்கட்டும். வேலையைத் தொடங்க ஒரு நாளைக் குறிப்பிடுங்கள்.

அவர் நியாயமான காலத்துக்குள் செய்ய மறுத்தால், நீங்களே செய்து அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த ஒரு மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. பழுதின்றிக் குடியிருக்கவே முடியாத நிலையில், எழுதிக் கேட்ட பிறகும் அவர் மறுத்தால், 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டு வீட்டை விட்டு வெளியேறும் உரிமையும் உங்களுக்கு உண்டு. இந்தக் கழிவு முறை புதிதாக வந்ததும் அன்று. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே 108ஆவது பிரிவில் இதற்கான வித்து இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத, ஆனால் உரிமையாளருக்குத் தெரிந்த பெருங்குறையைக் குடிவருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

ஒப்பந்தம் காலாவதியாகிப் புதுப்பிக்கப்படாமல் இருப்பது உங்களுடைய பலவீனம். புதிய சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யப்பட வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காரணமாகக் காட்டி, வீட்டைக் காலி செய்து தரும்படி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை அணுக முடியும். அதனால் பழுதுக்கான கடிதத்திலேயே, ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் பதிவு செய்ய நீங்கள் ஆயத்தமாக இருக்கிறீர்கள் என்றும் எழுதிவிடுங்கள். வாடகையை ஒரு மாதமும் நிறுத்தாதீர்கள். வங்கி வழியாகவே செலுத்துங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்தியவர்கள், நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் நீதிமன்றத்தில் குற்றவாளியைப்போல நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மறுகேள்வி – கடலோரக் குடித்தனம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அன்றிரவே முன்னறைக்கு மாறிவிட்டோம். பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துக் குறிப்பு எழுதித் தந்தார். படுக்கையறைத் தளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தட்டினால் வெற்றொலி கேட்பதாகவும், மாடிக் கசிவை அடைப்பதையும் சேர்த்து 85,000 ரூபாய் வரை ஆகும் என்றும் சொன்னார். வாடகையில் பாதி என்றால் மாதம் 8,000 ரூபாய்தான். நான் கையிலிருந்து 85,000 ரூபாயைப் போட்டுவிட்டு அதைத் திரும்ப எடுக்கப் பதினொரு மாதம் ஆகுமே, அதற்குள் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது?

பதில் – வாடகை வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர்

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கழிவு முறை குழாய் உடைந்தது, ஒரு வயர் கருகியது போன்ற சிறு வேலைகளுக்குப் பொருந்துமே தவிர, உங்களுடையதைப்போன்ற வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலும், இன்னொருவருடைய கட்டடத்தின் தளத்தில் நீங்களாகக் கை வைத்துவிட்டு, பிறகு வேறொரு இடம் பெயர்ந்தால், "நீங்கள் கொத்தியதால்தான் விழுந்தது" என்ற பேச்சு வரும். உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கட்டமைப்பில் கை வைக்காதீர்கள்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். தளம் ஆபத்தான நிலையில் இருப்பதைச் சென்னை மாநகராட்சியின் மண்டல அலுவலகத்திலும் எழுத்தில் தெரிவிக்கலாம். 1913 என்ற எண்ணில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி கொடுப்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ மாடிப்படி விளக்கையோ உரிமையாளர் துண்டிக்கக் கூடாது. துண்டித்தால், அதை உடனே திரும்பத் தரும்படி இடைக்கால உத்தரவு பெற முடியும். பழுதுபார்க்க வரும்போதும் 24 மணி நேரம் முன்னதாக அவர் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். நீங்களும் அந்த நேரத்தில் கதவைத் திறந்து தர வேண்டும்.

வேலைக்காகச் சில வாரங்கள் வெளியே இருக்கும்படி ஆனால், திரும்பி வருவதற்கான உடன்பாட்டை எழுதி இருவரும் கையொப்பமிட்ட பிறகே சாவியைக் கொடுங்கள். வாய்மொழி உறுதியை நம்பிப் போனவர்கள், திரும்பி வந்தபோது அங்கே வேறு குடும்பம் குடியிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். 85,000 ரூபாய் செலவழித்ததற்காக வாடகையை ஏற்றுகிறேன் என்று சொன்னாலும் நீங்கள் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டு செய்யும் மேம்பாட்டு வேலைக்கு வாடகையை உயர்த்தச் சட்டம் இடம் தருகிறது. செய்தே ஆக வேண்டிய பழுதுபார்ப்பு அதில் சேராது.

பதில் – ஓய்வுபெற்ற மின்வாரியப் பணியாளர்

அம்மா, எல்லாரும் தளத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்தக் குளிர்சாதனப் பெட்டிதான் கவலையாக இருக்கிறது. தளம் விழுவதற்கு முன் விரிசல் காட்டியது. மின்சாரம் அப்படிக் காட்டாது. அந்தச் சுருக் என்ற உறுத்தல்தான் அது தரும் ஒரே அறிகுறி. ரப்பர் செருப்பை நம்பி இருக்காதீர்கள், ஒரு நாள் செருப்பு நனைந்திருக்கும். இன்றே அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உள்ளே கசிவு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். பெட்டி உங்களுடையது, அதன் பழுதும் உங்களுடையது. கசிந்த மின்சாரம் போக எர்த் இல்லாதது வீட்டின் குறை.

வீட்டுக்காரர் அனுப்பும் ஆள் என்ன செய்கிறார் என்பதைக் கூடவே நின்று பாருங்கள். செலவைக் குறைப்பதற்காகச் சிலர் சாக்கெட்டின் பின்னால் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சிறு வயரால் இணைத்துவிடுகிறார்கள். சோதனை விளக்கு வைத்துப் பார்த்தால் எர்த் இருப்பதுபோலவே எரியும். ஆனால் வெளியே நியூட்ரல் கம்பி என்றைக்காவது அறுந்தால், வீட்டிலுள்ள இரும்பு உடம்பு கொண்ட எல்லாச் சாதனங்களிலும் முழு மின்சாரம் ஏறி நிற்கும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் இதே அளவு ஆபத்தானது. இப்போது பாதிக் குழாய் பிளாஸ்டிக்காக இருப்பதால் அது மண்ணைச் சேர்வதே இல்லை. முறையான எர்த் குழி தோண்டி, அங்கிருந்து மெயின் போர்டுக்கும், மெயின் போர்டிலிருந்து ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பச்சை வயர் இழுக்க வேண்டும்.

அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை, அதாவது மின்கசிவு வந்தால் தானே விழும் சுவிட்சை, மெயின் போர்டில் பொருத்தச் சொல்லுங்கள். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமாக இல்லை என்றால், யாரோ ஒருவரின் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ அது கசிகிறது என்று பொருள். ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். சுமை கூடினால் விழும் எம்.சி.பி. இருக்கிறதே என்று சொல்வார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பது, ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பது, ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்றாகாது. ஆர்.சி.சி.பி.யில் டி என்ற எழுத்துப் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும்; மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்ற வேண்டும். அட்டவணைப்படி சர்க்யூட் பிரேக்கர் பழுது உங்களுடையது என்று வழக்கறிஞர் ஐயா எழுதியிருக்கிறார். இல்லாத ஒன்றைப் புதிதாகப் பொருத்துவது பழுதுபார்ப்பு ஆகாது என்பது என் எண்ணம். ஆனாலும் இதற்காக வீட்டுக்காரரோடு வாரக்கணக்கில் வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். அவர் தயங்கினால் அதன் விலையை நீங்களே கொடுத்துவிடுங்கள். எர்த் வேலையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பணியில் இருந்தபோது மழைநாளில் எங்களுக்கு வந்த அழைப்புகளில் சில, யாரும் இனி எதையும் சரிசெய்ய முடியாத வீடுகளிலிருந்து வந்தவை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பதில் – இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர், மதுரை

நான் உரிமையாளர் தரப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு வாசலில் தரைக்குக் கீழ் உள்ள தண்ணீர்த் தொட்டியின் தகர மூடி ஓரத்தில் துருப்பிடித்திருந்தது. குடியிருந்த அம்மா இரண்டு முறை சொன்னார். அடுத்த மாதம் மாற்றலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் மாலை அவருடைய ஆறு வயதுப் பையன் அதன் மேல் காலை வைத்தபோது மூடி உள்வாங்கி, தொடை வரை உள்ளே போய்விட்டான். தகரம் கிழித்த காயத்தோடு தப்பினான். மருத்துவமனை வராந்தாவில் அந்த அம்மா என்னிடம் ஒரு சொல்கூடக் கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. மறுநாள் வார்ப்பிரும்பு மூடி வாங்கிப் பூட்டும் போட்டேன். நான் இரண்டு முறை தள்ளிப்போட்ட வேலை அரை நாளில் முடிந்துவிட்டது.

தொலைவில் இருக்கும் உரிமையாளருக்குத் தொலைபேசியில் "ஓதம்", "விரிசல்" என்று கேட்கும்போது உண்மை நிலை மனத்தில் பதிவதில்லை. தரகர்களும் உறவினர்களும், குடியிருப்பவர்கள் எப்போதும் மிகைப்படுத்துவார்கள் என்று சொல்லிச்சொல்லி எங்கள் காதைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் கடிதத்தோடு, கம்பி தெரியும் தளத்தின் படத்தையும், தராசில் இருக்கும் துண்டின் படத்தையும் கட்டாயம் அனுப்புங்கள். "இந்த இடத்தில்தான் என் மாமியார் படுப்பார்" என்று அந்தக் கட்டிலையும் படம் எடுத்து அனுப்புங்கள். அலட்சியத்தால் ஓர் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 106ஆவது பிரிவில் வழக்கு வரும் என்பது அவருடைய மகனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அதை மிரட்டலாக எழுதாதீர்கள், பொறியாளரின் குறிப்பே அதைச் சொல்லிவிடும்.

இப்போது நான் ஒவ்வொரு குடித்தனம் மாறும்போதும், வெள்ளையடிப்பதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் சோதித்துவிடுகிறேன். மாடிக் கைப்பிடிச் சுவர், படிக்கட்டுக் கம்பி, தொட்டி மூடி, கழிவுத்தொட்டி மூடி ஆகியவற்றைக் குடிவருபவரோடு சேர்ந்தே பார்த்து, இருவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறோம். குடிவருபவர்களும் இதைக் கேட்க வெட்கப்படக் கூடாது.

கேள்வி கேட்டவரின் பின்குறிப்பு – கடலோரக் குடித்தனம்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். வழக்கறிஞர் சொன்னபடியே கடிதம் எழுதி, பொறியாளரின் குறிப்பையும் ஏழு படங்களையும் வைத்து விரைவுத் தபாலில் அனுப்பினேன். தபால் சேர்ந்த மறுநாள் வெளிநாட்டிலிருந்து மகன் அழைத்தார். அப்பா இதைப் பூச்சுவேலை என்றுதான் தன்னிடம் சொல்லியிருந்தார் என்றார். படத்தில் இருந்த கட்டிலைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவரே கும்பகோணத்திலிருந்து ரயிலில் வந்துவிட்டார். மாமியாரும் அவரும் அந்த அறையின் வாசலில் நின்று தளத்தைப் பார்த்தார்கள். "நான் கட்டிய வீடு அம்மா இது, கம்பியை இப்படிப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை" என்றார். அவர்கள் அழைத்துவந்த பொறியாளர், சமையலறையின் மேல்தளத்திலும் இரண்டு இடங்களில் வெற்றொலி இருப்பதைக் கண்டுபிடித்தார். நாங்கள் அதை அறியவே இல்லை. நாங்கள் வீட்டை விட்டுப் போகத் தேவையில்லை, ஒவ்வோர் அறையாக வேலை செய்யலாம் என்று முடிவாகியிருக்கிறது. எந்த அறை எந்த வாரம், அதுவரை யார் எங்கே என்பதையும், வேலை முடிந்ததும் புதிய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். பழைய வரியை நீக்க அவர் மறுப்புச் சொல்லவில்லை. வாடகையில் 500 ரூபாய் ஏற்றித் தரும்படி கேட்டார்; புதிய ஒப்பந்தத்திலிருந்து தருவதாக நாங்களே ஒப்புக்கொண்டோம், இரண்டு ஆண்டுகள் ஏற்றாதிருந்தார் என்பதற்காக.

எர்த் வேலை முதலில் முடிந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஐயா சொன்னபடி கூடவே நின்று, ஒவ்வொரு சாக்கெட்டிலும் பச்சை வயர் வந்து சேர்வதைப் பார்த்தேன். ஆர்.சி.சி.பி. பொருத்திய அன்றே இரண்டு முறை விழுந்தது; குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் இணைப்பில் கசிவு இருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள், அந்தச் செலவை நாங்கள் கொடுத்தோம். படுக்கையறையில் இப்போது நான்கு ஜாக்கிகள் தளத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. திங்கட்கிழமை கொத்தத் தொடங்குகிறார்கள். மாமியார் செருப்பு இல்லாமல் சமையலறைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்.